வடக்கே நிற்கும் அன்னை

சிதம்பரம் செல்லும் நம்மில் பலர் நடராசர் கோயிலோடு திரும்பிவிடுகிறோம். ஊரின் வட எல்லையில், 13-ஆம் நூற்றாண்டில் கோப்பெருஞ்சிங்கன் எழுப்பிய தில்லைக்காளி கோயில் உள்ளது. சினம் கொண்ட காளியும், சினம் தணிந்த நான்முகப் பிரம்ம சாமுண்டியும் அங்கே தனித்தனிச் சந்நிதிகளில் உள்ளனர். அதட்டுபவளும் தாய், அணைப்பவளும் தாயே அன்றோ!

இக்கருத்தைக் கடல் கடந்து, ஜாவாத் தீவின் பிரம்பானானிலும் காண்கிறோம். 9-ஆம் நூற்றாண்டில் எழுந்த அச்சிவன் கோயிலின் வடக்கு அறையில், எட்டுக் கரங்களுடன் துர்க்கை எருமை மீது நிற்கிறாள். நம் சோழர் கோயில்களிலும் துர்க்கைக்கு வடக்குச் சுவரே இடம். ஒரு கை எருமையின் வாலையும், மற்றொரு கை அசுரனின் முடியையும் பற்றியிருக்க, முகத்திலோ அமைதி! அவள் போர் காப்பதற்கே, பகையால் அன்று என உணர்கிறோம்.

10-ஆம் நூற்றாண்டில் அரசு கிழக்கு ஜாவாவுக்குப் பெயர்ந்தது, கோயில் கைவிடப்பட்டது. நாளடைவில் அவ்வூர் மக்கள் துர்க்கையை மறந்தனர். ஒரே இரவில் ஆயிரம் சிலைகள் கேட்டு, பொழுது விடிந்ததாக ஏமாற்றியதால் கல்லாகச் சபிக்கப்பட்ட இளவரசி 'லோரோ ஜொங்ராங்' என்று அச்சிலைக்குக் கதை பிறந்தது. அசுரனை வென்றவள், தண்டனை பெற்ற பெண்ணாகிவிட்டாள்!

பொருளை மறந்தால் கல்லின் கதையும் மாறிவிடும். ஆகவே, அடுத்த முறை கடலூரிலிருந்து சிதம்பரம் செல்கையில் தில்லைக்காளி கோயிலிலும் சற்று நின்று பார்ப்போம். அறிந்ததைத் தம்பி தங்கையர்க்கும் சொல்வோம்.