பீட்டில்ஸ் முகம் காட்டாத பீட்டில்ஸ் படம்

1964 பிப்ரவரி 9. நியூயார்க்கில் எட் சல்லிவன் டிவி நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் பாடப் போகிறார்கள். அரங்கில் 728 இருக்கைகள். டிக்கெட் கேட்டவர்கள் சுமார் 50,000 பேர். கணக்குப் போட்டால் ஒரு சீட்டுக்கு 68 பேருக்கு மேல். டிக்கெட் கிடைக்காத மற்ற 49,000 பேர் என்ன பண்ணியிருப்பாங்க?

இந்தக் கேள்வியிலிருந்து கிளம்பும் படம்தான் 1978-ல் வந்த ‘ஐ வான்னா ஹோல்ட் யுவர் ஹேண்ட்’. ராபர்ட் ஜெமெக்கிஸின் முதல் படம். நியூ ஜெர்சியிலிருந்து வரும் சின்ன வயசுப் பசங்க எப்படியாவது உள்ளே நுழையப் பார்க்கிறார்கள். படம் முழுக்க ஓட்டம், சிரிப்பு.

விஷயம் என்னன்னா, பீட்டில்ஸாக நடித்தவர்களின் முகத்தைப் படம் சரியாகக் காட்டவே காட்டாது. கல்யாணம் நிச்சயமான பாம் (நான்சி ஆலன்) அவர்களுடைய ஓட்டல் அறையில் கட்டிலுக்கு அடியில் ஒளிந்திருக்கிறாள். அவளுக்குக் கேட்பது குரல், தெரிவது ஷூ. கடைசிக் காட்சியிலும் மேடையில் தூரத்தில் டூப்தான். டிவி கேமராக்களின் குட்டித் திரையில் மட்டும் 1964-ன் நிஜப் பதிவு ஓடும்.

செலவைக் குறைக்கும் தந்திரம் என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டாம் தடவை பார்த்தபோது புரிந்தது. முகம் தெரிந்திருந்தால் நாமும் பீட்டில்ஸையே பார்த்துக்கொண்டிருப்போம். தெரியாததால் பாமின் முகத்தைப் பார்க்கிறோம். ‘பைத்தியம்’ என்று ஊர் ஒதுக்கிவிடும் ஒரு ரசிகை இங்கே கதாநாயகி.

படம் ஓடவில்லை. ஆனால் பழைய பதிவோடு விளையாடுவதை ஜெமெக்கிஸ் விடவில்லை. 1994-ல் ஃபாரஸ்ட் கம்ப் கென்னடியிடம் கைகுலுக்கினாரே, ஞாபகம் இருக்கா?