கழுத்தைத் திருகியது பேய் அல்ல!

விமான் நகரில் கட்டட வேலை செய்யும் திருநெல்வேலி இளைஞர் ஒருவருக்கு மனக் கோளாறு. டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். மூன்றாம் நாள் இரவு அவருடைய கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது. கண்கள் மேலே செருகின. பேச்சு குழறியது.

அவருடைய அண்ணன் என் வீட்டுக் கதவைத் தட்டினார். "அண்ணாச்சி, தம்பிக்குப் பேய் பிடிச்சிருக்கு. ஊருக்குக் கூட்டிட்டுப் போகணும். ரயிலுக்கு டிக்கெட் ஏற்பாடு பண்ணுங்க" என்றார்.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் மாத்திரை அட்டையைப் பார்த்தார். 'ஹாலோபெரிடால்' என்று இருந்தது. ஓர் ஊசி போட்டார். அரை மணி நேரத்தில் கழுத்து நேராகிவிட்டது!

காரணம் என்ன?

இந்த மருந்து மூளையில் 'டோபமைன்' என்ற பொருளின் வேலையைத் தடுக்கிறது. அதனால் சிலருக்குத் தசைகள் இழுத்துக்கொள்ளும். முதல் சில நாட்களில், அதுவும் இளைஞர்களுக்கே இது அதிகம். மாத்திரை கொடுத்தபோதே யாராவது இதைச் சொல்லியிருந்தால், அந்தக் குடும்பம் பேய்க்குப் பயந்திருக்காது.

அபாய அறிகுறிகள்

இதைவிடக் கடுமையான விளைவுகளும் உண்டு. அபூர்வம்தான், ஆனால் உயிரைப் பறிக்கக் கூடியவை.

மனநோய் மாத்திரை சாப்பிடுபவருக்குக் கடும் காய்ச்சலோடு உடல் விறைத்து, புத்தி தடுமாறினால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

'க்ளோசபின்' சாப்பிடுபவருக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தால், ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கலாம். 1975-ல் பின்லாந்தில் இப்படி 8 பேர் இறந்தார்கள். இம்மருந்துக்கு ரத்தப் பரிசோதனை தவறாமல் செய்யச் சொல்வது இதனால்தான்.

'கார்பமாசெபின்' சாப்பிட்டுத் தோல் தடித்து, வாய் புண்ணானால் உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

'லித்தியம்' சாப்பிடுபவர் வெயிலில் வேலை செய்தால் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை போடக் கூடாது. வாந்தி, பேதி, தள்ளாட்டம் கண்டால் மருந்து உடலில் மிஞ்சிவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும்.

நிறுத்தலாமா?

பயந்துபோய் மாத்திரையைத் தாமாகவே நிறுத்துவதும் தவறு. நோய் திரும்பிவிடும். டாக்டர் அளவைக் குறைப்பார் அல்லது வேறு மருந்து தருவார்.

விமான் நகருக்குப் பக்கத்திலேயே எரவாடாவில் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. அவசரமானால் அருகிலுள்ள எந்த ஆஸ்பத்திரிக்கும் போகலாம். மராத்தி தெரியாதே என்று தயங்க வேண்டாம். மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். அது பேசும். மருந்தின் பக்க விளைவுகளைத் தெரிவிக்க 1800-180-3024, மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண்கள் உள்ளன.

அந்த இளைஞர் இப்போது வேறு மருந்து சாப்பிடுகிறார். வேலைக்கும் போகிறார். அண்ணன் மறுபடி என்னிடம் டிக்கெட் கேட்டிருக்கிறார். இந்த முறை பேயோட்ட அல்ல, பொங்கலுக்கு!