கோழியை மேயவும் விடணும், பருந்துக்குக் கொடுக்கவும் கூடாது



நிலையூர் பக்கம் ஒரு குழுக் கூட்டத்தில் தவணை வசூல் நடந்துகொண்டிருந்தது. ஒரு அக்கா மட்டும் பாஸ்புக்கை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். கேட்டபோது, "குஞ்சு வாங்கத்தான் மேடம் கடன் எடுத்தேன். நாப்பதுல இப்ப பதினாறுதான் நிக்குது. மிச்சத்த எதுவோ தூக்கிருச்சு. தவணைய எங்கிட்டிருந்து கட்டுறது?" என்றார்.

கூட்டத்தில் ஆளுக்கொரு யோசனை. "அடைச்சே போடு" என்றார் ஒருவர். "கறித்துண்டுல குருணை மருந்த வச்சிரு" என்றார் இன்னொருவர்.

இரண்டுமே சரிவராது. நாட்டுக்கோழியில் நமக்கு மிஞ்சுவதே, அது கரையானும் புழுவும் சிந்தின நெல்லும் தானாகத் தேடித் தின்பதால்தான். அடைத்துப் போட்டால் தீவனம் முழுவதும் காசு கொடுத்து வாங்க வேண்டும். விஷம் வைத்தால் பக்கத்து வீட்டு நாய் சாகும், நம் கோழியே கொத்தும், பிள்ளைகள் கையில் எடுத்தால் என்ன ஆவது? கீரியும் பருந்தும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை, கொன்றால் வழக்கு. கீரி இருக்கிற இடத்தில் எலியும் பாம்பும் மட்டுப்படும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மறுநாள் அந்த அக்கா வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். முதலில் தெரிய வேண்டியது, எது தூக்கியது, எந்த நேரத்தில் என்பதுதான். பட்டப்பகலில் குஞ்சு சுவடே இல்லாமல் காணோம் என்றால் பெரும்பாலும் பருந்து, வல்லூறு, காக்கா. கழுத்தில் கடிபட்டுக் கிடந்தால் பகலில் கீரி, இராத்திரியில் மரநாய் அல்லது வெருகு. பெரிய கோழிகள் நாலைந்து குதறிக் கிடந்து, தின்னாமல் விட்டிருந்தால் தெருநாய். முட்டை ஓடுகூட இல்லாமல் போனால் பாம்பு முழுங்கியிருக்கும்.

அங்கே மூன்று குஞ்சுதான் இராத்திரியில் கடிபட்டுச் செத்தது. கூட்டுக் கதவுக்கு அடியில் நாலு விரல் இடைவெளி, அது போதும் மரநாய்க்கு. மற்றதெல்லாம் பகலில் போனவை. கொல்லை துடைத்து வைத்தது போல வெட்டவெளியாக இருந்தது, ஒதுங்க ஒரு செடி இல்லை. திருப்பரங்குன்றம் மலையைச் சுற்றி வட்டமடிக்கும் பருந்துக்கு இதைவிட வசதி ஏது!

இன்னொன்றும் உண்டு. விலைக்கு வாங்கிய குஞ்சுக்குத் தாய் கிடையாது. தாய்க்கோழி வானத்தில் பருந்தைக் கண்டால் ஒரு மாதிரி சத்தம் கொடுக்கும், தரையில் நாய், கீரியைக் கண்டால் வேறு மாதிரி கத்தும். முதல் சத்தத்துக்குக் குஞ்சுகள் ஓடி ஒளிந்துகொள்ளும். பொரிப்பானில் பொரித்த குஞ்சுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. அரசின் புறக்கடைக் கோழி வளர்ப்புத் திட்டங்களில் பெண்களுக்குக் கொடுத்த நான்கு வாரக் குஞ்சுகளும் இப்படித்தான். அதனால் வாங்கி வந்த அன்றே திறந்து விடாதீர்கள். இரண்டு வாரம் பஞ்சாரத்திலோ வலை போட்ட அடைப்பிலோ வையுங்கள். பிறகு சாயங்காலம் ஒரு மணி நேரம், பசியோடு இருக்கும்போது, பெரிய கோழிகளோடு விடுங்கள். தகர டப்பாவில் கம்பு போட்டுக் குலுக்கிப் பழக்கினால் சத்தம் கேட்டு ஓடி வரும். அவசரத்துக்கு இது ரொம்ப உதவும்.

ஒரு சேவலாவது மந்தையில் இருக்கட்டும். காவல் பார்ப்பதில் அது கெட்டி. நாம்தான் கோயிலுக்கு நல்ல விலை கிடைக்கிறது என்று எல்லாச் சேவலையும் விற்றுவிடுகிறோம்!

வெட்டவெளிக்கு வைத்தியம் சுலபம். நாலு குச்சி நட்டு, முழங்கால் உயரத்தில் தென்னங்கீற்றுத் தட்டியைப் போட்டு, கொல்லையில் மூன்று நாலு இடத்தில் வைத்தால் கோழி ஓடி ஒளிய இடம் கிடைக்கும், வெயிலுக்கும் ஆகும். ஆனால் வேலியோரம் சீமைக்கருவேல் புதரை வெட்டுங்கள், கீரி பதுங்குவது அங்கேதான். குஞ்சு அடைப்புக்கு மேலே பழைய மீன்வலை கட்டலாம். தரையில் தொங்க விடாதீர்கள், பாம்பு சிக்கிக்கொள்ளும்.

காலையில் நன்றாக விடிந்த பிறகு திறங்கள், பொழுது சாய்வதற்குள் எண்ணி அடையுங்கள். எண்ணுவது முக்கியம். கூடு தரையிலிருந்து இரண்டு அடி உயரத்தில் இருந்தால் நல்லது. தரையில்தான் கூடு என்றால் சுற்றிலும் ஒரு அடி ஆழத்துக்குக் கல் புதையுங்கள். பெரிய கண் உள்ள கோழிவலை கோழியை உள்ளே வைக்கும், வருவதைத் தடுக்காது. அரை இஞ்ச் வெல்டு மெஷ் கொஞ்சம் விலை கூடத்தான், ஒரு தடவைச் செலவு. செத்த குஞ்சைக் குப்பையில் வீசாமல் ஆழமாகப் புதையுங்கள். வீசினால் நாயை நாமே கூப்பிட்டது போலாகும்.

அந்த அக்காவுக்கு இரண்டு மாதம் வட்டி மட்டும் கட்ட குழு ஒத்துக்கொண்டது. போன வாரம் போனபோது பதினைந்து கோழி நின்றது. ஒன்றை நாய் பிடித்துவிட்டதாம், கதவை மூட மறந்த அன்று. இரண்டு கோழி முட்டையிட ஆரம்பித்திருக்கிறது.

திருப்பரங்குன்றத்தில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்தில் நாட்டுக்கோழி வளர்ப்புப் பயிற்சி நடத்துகிறார்கள். போக விருப்பமுள்ளவர்கள் அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பெயர் கொடுங்கள், சேர்ந்து போவோம்.