கதவு சாத்தியது, கத்தி ஓய்ந்தது!

"குடித்தவனெல்லாம் கொலைகாரனா?" கேட்கிறார்கள் சிலர். இல்லை, தோழர்களே, இல்லை! குடித்துவிட்டுச் சுருண்டு படுப்பவரே பெரும்பாலோர்.

ஆனால் எண்ணிப் பாருங்கள். தெளிந்த வேளையில் 'போடா' என்ற சொல்லுக்குச் சிரித்துவிட்டுப் போகிறவன், குடித்த வேளையில் அதே சொல்லுக்குக் கத்தியைத் தேடுகிறான். நிதானம் எனும் காவற்காரனைத்தான் மது முதலில் வீழ்த்துகிறது. பிறகு நண்பன் பகைவனாகிறான், சொல் அடியாகிறது, அடி கொலையாகிறது.

பிரேசில் நாட்டிலே, சாவோ பாலோ மாநகரையொட்டி டியாடெமா என்றோர் ஊர். ஆலைகள் நிறைந்த ஊர். பாட்டாளிகள் வாழும் ஊர். 1999இல் அங்கே லட்சம் பேருக்கு 103 பேர் வீதம் கொலையுண்டனர். செத்தவர் சீமான்களா? செல்வர்களா? ஏழை வீட்டு இளைஞர்களே மிகுதி!

எப்போது நடக்கின்றன இந்தக் கொலைகள்? கணக்கெடுத்தார்கள். பத்தில் ஆறு, இரவு 11 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையே! மதுக்கடைகள் மலிந்த பகுதிகளிலே பல!

பழி யார் மீது? பாட்டாளி மீது மட்டுந்தானா? விடிய விடிய ஊற்றிக் கொடுத்தவன் மீது இல்லையா?

அந்த ஊர் நகரசபை சட்டம் செய்தது. 2002 ஜூலையில் அது நடப்புக்கு வந்தது. மதுவை ஒழிக்கவில்லை, இரவு 11 முதல் காலை 6 வரை கடைகளில் மது விற்பதைத் தடுத்தது, அவ்வளவே. கடைக்காரர்களுக்கு முன்கூட்டியே எடுத்துரைத்தார்கள். இரவுதோறும் சுற்றிப் பார்த்தார்கள். மீண்டும் மீண்டும் மீறியவர் மீது நடவடிக்கை எடுத்தார்கள்.

விளைவு? 2007இல் வெளியான ஆய்வு கூறிற்று: சட்டம் இல்லாதிருந்தால் நடந்திருக்கக்கூடிய கொலைகளில் 44 விழுக்காடு குறைந்தது, மாதத்துக்கு ஏறத்தாழ 9 உயிர்கள் தப்பின! காவல் பணியும் இளைஞர் நலத் திட்டங்களும் அதே ஆண்டுகளில் நடந்தன, மறைப்பானேன்? ஆயினும் கடை மூடிய நேரத்துக்கு உரிய பங்கைக் குறைத்துக் கூற இயலாது.

"வியாபாரம் கெடுமே!" என்பார்கள். கெடட்டும்! கல்லாப் பெட்டி நிறையக் கல்லறையா நிறைய வேண்டும்?

குடிப்பவனைத் திருத்துவோம், வேண்டாமென்று யார் சொன்னது? கொன்றவனைக் கூண்டில் ஏற்றுவோம், அதுவும் சரி. ஆனால், கத்தியைத் தேடும் சட்டம் கடையின் கடிகாரத்தையும் பார்க்க வேண்டும்!

அங்கே மதுக்கடைக் கதவு சாத்தப்பட்டது. அதனால், மாதம் ஒன்பது வீடுகளின் கதவைத் தட்டி, "உன் மகன் மாண்டான்" என்று சொல்ல எவரும் வரவில்லை!