கோப்பை இல்லாத படகுப் பந்தயம்

கோவிந்தாபுரம்:

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு, நெம்மாறை வழியாகத் திருச்சூர் செல்லும் பஸ்கள் கேரளத்துக்குள் நுழையும் இடம் கோவிந்தாபுரம். சோதனைச் சாவடி, வரிசையாக நிற்கும் லாரிகள், டீக்கடைகள், இளநீர்க் குவியல்கள். சாலையை விட்டுச் சற்று உள்ளே போனால் முதலமடையின் மாந்தோப்புகள். தெற்கே மலை. அருகில் தண்ணீர் என்று சொல்லிக்கொள்ள இருப்பது மீன்கரை அணைதான். கடலைப் பார்க்க வேண்டுமானால் பல மணி நேரம் பஸ்ஸில் போக வேண்டும்.

இப்படிப்பட்ட ஊரில், தகரக் கொட்டகை ஒன்றில், கடல் எஞ்சின் வேலை தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். வயது அறுபத்தைந்துக்கு மேல். கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரர். முப்பது ஆண்டுகளாக இங்கே மாந்தோப்புகளின் மருந்தடிக்கும் எஞ்சின்களையும் தண்ணீர் இறைக்கும் மோட்டார்களையும் பழுது பார்த்துப் பிழைக்கிறார். தொழிலாளர்கள் எல்லோருக்கும் அவர் "அண்ணாச்சி".

பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் எஞ்சின் என்றால் மற்ற மெக்கானிக்குகள் முகம் சுளிப்பார்கள். அண்ணாச்சிக்கு அது பழகிய சங்கதி. பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடுவார். காப்பிப்பொடி நிறமாக இருந்தால் எஞ்சின் சுகம். கரி அப்பியிருந்தால் எண்ணெயோ எரிபொருளோ மிகுதி. வெளுத்திருந்தால் எஞ்சின் சூட்டில் வேகிறது என்று அர்த்தம்.

கைபேசியில் ஒரு பந்தயம்

அவரிடம் தொழில் கற்கும் பையன் பொள்ளாச்சிப் பக்கத்தவன். ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கைபேசியில் படகுப் பந்தயம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். 2018 நவம்பரில் விஜயவாடாவில் கிருஷ்ணா நதியில் நடந்த உலக பார்முலா-1 விசைப்படகுப் போட்டி அது. போட்டியில் ஓர் அணிக்கு அமராவதி என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

"ஏனுங்க அண்ணாச்சி, இந்த மாதிரிப் பந்தயம் நீங்க பாத்திருக்கீங்களா?" என்று கேட்டான்.

"பாத்தது மட்டுமா மக்கா? எஞ்சினைக் கட்டி விட்டதே நான்தான்" என்றார் அண்ணாச்சி.

பையன் நம்பவில்லை. அவர் சொன்னதோ கோப்பையும் கொடியும் இல்லாத வேறொரு பந்தயத்தின் கதை.

ஒன்றரைக் குதிரையில் தொடங்கியது

படகின் பின்புறத்தில் கழற்றி மாட்டக்கூடிய மோட்டாரை அவுட்போர்டு மோட்டார் என்கிறார்கள். இதைச் சந்தைக்குக் கொண்டு வந்து வெற்றி கண்டவர்களில் முதன்மையானவர் ஓலே எவின்ரூட். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய மெக்கானிக். காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்கிவர ஏரியில் துடுப்புப் போட்டுப் போனாராம். திரும்புவதற்குள் அது உருகிவிட்டதாம். அந்த எரிச்சலில் பிறந்ததுதான் மோட்டார் என்று ஒரு கதை உண்டு. 1909-ல் அவர் விற்பனைக்கு விட்ட மோட்டாரின் திறன் ஒன்றரைக் குதிரைச் சக்தி. எடை சுமார் 28 கிலோ.

எஞ்சின் வந்தவுடன் பந்தயமும் வந்துவிட்டது. இன்று பார்முலா-1 படகு ஆறு மீட்டர் நீளம், எஞ்சினோடு சேர்த்து 400 கிலோவுக்கும் குறைவான எடை. பின்னால் மாட்டியிருக்கும் அவுட்போர்டின் திறனோ ஏறக்குறைய 400 குதிரைச் சக்தி. மணிக்கு 200 கிலோ மீட்டருக்கு மேல் பறக்கும். பிரேக் கிடையாது, கியர் மாற்றவும் வழியில்லை.

இதில் தமிழர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இரண்டு அடிப்பாகங்கள் கொண்ட இந்த வகைப் படகை உலகம் முழுவதும் "கேடமரான்" என்கிறார்கள். அது நமது கட்டுமரமேதான். சோழமண்டலக் கரையில் மரங்களைச் சேர்த்துக் கட்டி மிதக்கவிட்டதைப் பற்றி டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி 1697-ல் வெளிவந்த தம் பயண நூலில் எழுதினார். பொருள் மாறியது, பெயர் நிலைத்துவிட்டது.

கரைக்கு வந்த எஞ்சின்

கேரளக் கடற்கரையில் மீன்பிடிப் படகுகளுக்கு எஞ்சின் பொருத்தும் முயற்சி 1950-களிலேயே தொடங்கியது. 1952-ல் கையெழுத்தான இந்திய-நார்வே திட்டத்தின்படி கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் வேலை நடந்தது. ஆனால் அவை படகுக்குள் நிரந்தரமாகப் பொருத்தும் டீசல் எஞ்சின்கள். பணம் உள்ளவர்கள் பக்கம் போயின. கட்டுமரக்காரரும் சிறு வள்ளக்காரரும் துடுப்போடும் பாயோடும் நின்றுவிட்டனர்.

அவர்கள் கைக்கு எஞ்சின் வந்தது 1980-களில். ஜப்பானிய அவுட்போர்டுகள், மண்ணெண்ணெயில் ஓடுபவை, ஏழு எட்டுக் குதிரைச் சக்தியில் வந்து இறங்கின. கடலிலிருந்து வந்ததும் எஞ்சினைக் கழற்றித் தோளில் வைத்து வீட்டுக்கே கொண்டு போகலாம். 1980-ல் உருவாகித் திருவனந்தபுரத்திலிருந்து இயங்கிய தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு எஞ்சின் விற்பனையிலும் பழுது பார்ப்பதிலும் இறங்கியது. குமரி மாவட்டம் முட்டத்தில் எஞ்சினுக்கு ஏற்ற பிளைவுட் வள்ளங்களைக் கட்டினார்கள்.

கரையில் அன்றாடப் பந்தயம் அப்போதுதான் பிறந்தது. முதலில் வந்து சேரும் வள்ளத்துக்கு ஏலத்தில் நல்ல விலை. பிந்தி வருபவனுக்கு வியாபாரி சொன்னதே விலை. பக்கத்து வீட்டான் எட்டு வாங்கினால் இவன் ஒன்பது புள்ளி ஒன்பது வாங்குவான். அவன் பதினைந்து வாங்குவான். பிறகு இருபத்தைந்து, நாற்பது என்று ஏறியது. பெரிய வள்ளங்களில் நாற்பது குதிரைச் சக்தி எஞ்சின்கள் இரண்டு மூன்று கூட மாட்டினார்கள். மீன் அதே மீன்தான். மண்ணெண்ணெய்ச் செலவும் கடன் தவணையும்தான் கூடின.

எஞ்சினைக் கட்டும் கணக்கு

கடனில் இருப்பவனுக்குப் பெரிய எஞ்சின் வாங்க முடியாது. இருக்கிற எஞ்சினிலேயே வேகம் வேண்டும். அதற்குத்தான் மெக்கானிக்கைத் தேடி வருவார்கள்.

எஞ்சினை மாட்டுவதில் மூன்று சங்கதிகள் முக்கியம் என்கிறார் அண்ணாச்சி.

முதலாவது புரொப்பெல்லரின் முறுக்கு. ஒரு சுற்றில் எத்தனை அங்குலம் முன்னேற வேண்டும் என்பதைக் குறிக்கும் எண் அது. கணக்குப் போட்டே பார்க்கலாம். எஞ்சின் நிமிஷத்துக்கு 5,000 சுற்று. கியர் அதைப் பாதியாக்குகிறது. புரொப்பெல்லர் 2,500 சுற்று. முறுக்கு 10 அங்குலம் என்றால் நிமிஷத்துக்கு 25,000 அங்குலம், அதாவது மணிக்கு ஏறத்தாழ 38 கிலோ மீட்டர். தண்ணீர் மரக்கட்டையல்ல, வழுக்கும். ஐந்தில் ஒரு பங்கு வழுக்கலில் போனால் மிச்சம் 30. முறுக்கைக் கூட்டினால் வேகம் கூடும். ஆனால் பாரம் ஏறினால் எஞ்சின் முக்கும், சுற்று ஏறாது, சூடாகும்.

இரண்டாவது உயரம். புரொப்பெல்லருக்கு மேலே ஒரு தட்டைத் தகடு இருக்கும். அது படகின் அடிமட்டத்துக்கு நேராக இருப்பது பொது விதி. எஞ்சினை உயர்த்திக் கட்டினால் தண்ணீரில் இழுவை குறையும், வேகம் கிடைக்கும். பந்தயப் படகுகளில் புரொப்பெல்லரின் ஒரு பாதி தண்ணீருக்கு வெளியேகூடச் சுழலும். ஆனால் அலையில் காற்றை உறிஞ்சினால் பிடிமானம் போய்விடும். எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் ஏறும் துளையும் வெளியே வந்துவிடும்.

மூன்றாவது பாரம். எது அணியத்தில், எது அமரத்தில் என்பதைப் பொறுத்துப் படகின் தலை தூக்குவதும் தாழ்வதும் நடக்கும்.

"ஏரியிலே ஓட்டுறதுக்கு ஒரு கட்டு, கடல்ல பிழைக்கதுக்கு வேற கட்டு. ரெண்டையும் ஒண்ணாக் கட்டினவன் கெட்டான்" என்கிறார். இந்தப் பாடத்தை அவர் கற்றது பட்டுத்தான்.

ஒரு திருவிழாப் பந்தயம்

1980-களின் நடுவில், அவருடைய ஊரில் கோயில் திருவிழா முடிந்த மறுநாள். இரண்டு வள்ளக்காரர்களுக்குள் பேச்சு முற்றியது. இருவரிடமும் ஒரே கம்பெனி, ஒரே சக்தி எஞ்சின். கரையிலிருந்து கடலில் மிதக்கவிட்ட ஒரு மிதவை வரை போய்த் திரும்ப வேண்டும். முதலில் வருபவன் ஜெயித்தவன்.

ஒருவர் இவரிடம் வந்தார். இவருக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. கைச்சூடு அதிகம். அமரப் பலகையின்மேல் ஒரு கட்டையை வைத்து எஞ்சினை உயர்த்தினார். கொல்லம் பக்கத்து மெக்கானிக் ஒருவரிடம் முறுக்குக் கூடிய புரொப்பெல்லர் ஒன்றை இரவல் வாங்கி மாட்டினார். பாரம் குறைய வேண்டும் என்று நங்கூரம், பாய், துடுப்பு எல்லாவற்றையும் மணலில் இறக்கி வைத்தார்.

வள்ளம் பாய்ந்தது. மிதவையைத் திரும்பும்போதே எதிராளி இரண்டு வள்ள நீளம் பின்னால். கரை முழுக்க ஆரவாரம். மெக்கானிக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அன்றிரவு யாரும் தூங்கவில்லை. விடியுமுன் நாலு பேர் அதே வள்ளத்தில் தொழிலுக்குப் போனார்கள். எஞ்சினை யாரும் இறக்கிக் கட்டவில்லை. புரொப்பெல்லரை மாற்றவில்லை. இருட்டில் வலையை அணியத்தில் அடுக்கினார்கள். அமரம் இன்னும் தூக்கிக்கொண்டது. மணலில் கிடந்த துடுப்பும் பாயும் அங்கேயே கிடந்தன.

வெளிக்கடலில் காற்று எழுந்தது. அலைக்கு அலை புரொப்பெல்லர் காற்றைக் குடித்து எஞ்சின் அலறியது. இறங்கும்போது முறுக்குத் தாங்காமல் முக்கியது. குளிர்நீர் பீச்சுகிறதா என்று இருட்டில் யாரும் பார்க்கவில்லை. பிஸ்டன் இறுகி எஞ்சின் நின்றுபோனது. துடுப்பு இல்லை. பாய் இல்லை. நிறுத்தி வைக்க நங்கூரமும் இல்லை.

மதிய ஏலத்துக்கு வள்ளம் வரவில்லை. சாயங்காலமும் வரவில்லை. நாலு வீட்டுப் பெண்கள் கரையில் உட்கார்ந்துவிட்டனர். மெக்கானிக் மணலில் கிடந்த துடுப்புகளைப் பார்த்தார். யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்ததாம்.

மறுநாள் காலை, அலையில் அலைந்துகொண்டிருந்த அந்த வள்ளத்தைக் கண்டுபிடித்துக் கயிறு கட்டி இழுத்து வந்தது யார் தெரியுமா? பந்தயத்தில் தோற்றவர்தான். இரண்டு நாள் தொழிலுக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயை ஒரே இரவில் எரித்துத் தேடியிருக்கிறார். நாலு பேரும் தாகத்தில் வாடியிருந்தார்கள், உயிருக்குச் சேதமில்லை.

எண்ணெய்க் காசைக் கொடுக்கப் போனபோது அவர் வாங்கவில்லை. "நேத்து நான் ஜெயிச்சிருந்தா, இன்னிக்கு நீங்க வந்திருப்பீங்க" என்று மட்டும் சொன்னாராம்.

பந்தயம் கற்ற பாடம்

உலகப் பந்தயங்களும் இந்தப் பாடத்தை உயிர் கொடுத்துத்தான் கற்றன. 1984-ல் பல ஓட்டிகள் அடுத்தடுத்து இறந்த பிறகே, ஓட்டியைச் சுற்றிப் பலமான காப்புக் கூடு வைக்கும் வழக்கம் பரவியது. ஓட்டி தூக்கி எறியப்பட்டால் எஞ்சின் தானே நின்றுவிட, உடம்போடு ஒரு கயிற்றை மாட்டுகிறார்கள். அதே கயிறு மீனவர் எஞ்சின்களிலும் உண்டு. பலர் அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஓட்டுகிறார்கள். ஒற்றை ஆளாகப் போய்த் தண்ணீரில் விழுந்தால், வள்ளம் ஆளை விட்டுப் போய்விடும்.

இதற்கிடையே மண்ணெண்ணெயும் எட்டாக்கனி ஆகிவிட்டது. மானியம் இல்லாத மண்ணெண்ணெய் 2022-ல் கேரளத்தில் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியது. எவின்ரூட் மோட்டார்களின் உற்பத்தியே 2020-ல் நிறுத்தப்பட்டுவிட்டது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகும் சில ஆண்டுகள் அண்ணாச்சி கரையில் தொழில் செய்தார். ஆனால் எந்த வள்ளத்தில் எஞ்சினைக் கட்டினாலும் முதலில் ஒரு கேள்வி கேட்பார்: "துடுப்பு இருக்கா?" இருந்தால்தான் கயிற்றை இழுத்து எஞ்சினைக் கிளப்புவார்.

கேள்வி அவரோடு மலையடிவாரத்துக்கும் வந்துவிட்டது. தோப்புக்கு மருந்தடிக்க எஞ்சின் வாங்கிப் போகும் தொழிலாளியிடமும் அதையே கேட்கிறார். உபரி பிளக், பெல்ட், ஒரு புட்டி பெட்ரோல் இருக்கிறதா என்று அர்த்தம். சாவடியில் நிற்கும் லாரி டிரைவர்கள்கூட ஸ்டெப்னி டயரைத் தட்டிக் காட்டி, "துடுப்பு இருக்குங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறார்கள்.

கைபேசிப் பந்தயத்தில் யார் ஜெயித்தார் என்று பையன் சொல்ல வாயெடுத்தான். அண்ணாச்சி காதில் வாங்கவில்லை. பிளக்கைத் துடைத்து அதன் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.