அபங்கம் பாடிய பாதிரியார்
நடந்து பாடியவர்கள் – 9

நாக்பூரிலிருந்து ராஜ்நந்த்காவுக்குப் போகும் ரயிலில், 1893இல், முன்பின் அறியாத வெள்ளைக்காரர் ஒருவர் மராட்டிக் கவிஞர் நாராயண வாமன் திலக்கின் கையில் புதிய ஏற்பாட்டைக் கொடுத்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். லோகமான்ய திலகரும் இவரும் ஒரே ரத்னகிரிக்காரர்கள், சாதியும் ஒன்றுதான். போன வழி வேறு. 1895 பிப்ரவரி 10 அன்று பம்பாயில் இவர் ஞானஸ்நானம் பெற்றார். உறவுகள் அறுந்தன. மனைவி லட்சுமிபாய் மகனோடு தம் உறவினர் பக்கமே இருந்துவிட்டார்.

திலக் அகமதுநகருக்குப் போய் அமெரிக்க மராட்டி மிஷனில் சேர்ந்தார். அங்கே சபை பாடிக்கொண்டிருந்தவை பெரும்பாலும் ஆங்கிலப் பாட்டின் மொழிபெயர்ப்புகள். மெட்டும் மேல்நாட்டு மெட்டு. நம் ஊர்ச் சபைகளில் பாமாலை ஒருபுறம், கீர்த்தனை ஒருபுறம் என்று பழகியவர்களுக்கு இதன் சங்கடம் புரியும். பாட வந்தவர்களில் பலர் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மகார், மாங் குடும்பத்தினர். மகார் குலத்தில் பிறந்த பக்திக் கவிஞர் சோகாமேளாவின் அபங்கங்கள் என்னும் பக்திப் பாடல்கள் காதில் ஊறிய மண் அது. அவர்கள் வாய்க்கு அந்நிய மெட்டு வசப்படுமா?

திலக் அபங்கத்தையும், இன்னொரு மராட்டிப் பா வடிவமான ஓவியையும் எடுத்தார். அபங்கக் கவிஞர் துக்காராம் என்ற பாலத்தின் வழியாகவே கிறிஸ்துவிடம் வந்து சேர்ந்ததாகச் சொன்னவர் அவர். அதனால் இது ஆள் சேர்க்கும் உத்தியாக இல்லை, அவர் வந்த வழியாகவே இருந்தது.

பாட்டும் கதையும் சேர்ந்த மராட்டிக் கீர்த்தனையின் கிறிஸ்தவ வடிவத்தை அந்தப் பகுதியில் கிருஷ்ணராவ் சாங்ளே முன்பே தொடங்கியிருந்தார். திலக் அதற்குக் கவிதையின் வலு சேர்த்தார். கீர்த்தனையில் முதலில் பூர்வரங்கம்: ஒரு பாட்டை எடுத்துப் பொருளை விரிப்பது. அடுத்தது உத்தரரங்கம்: அந்தப் பொருளை ஒரு கதையில் நடத்திக் காட்டுவது. இடையிடையே தாளத்தோடு பாட்டு. தஞ்சை மராட்டியர் வழியாக இங்கே வந்து கதாகாலட்சேபத்துக்கு உரமூட்டிய அதே வடிவம்தான். ராமர் கதை இருந்த இடத்தில் ஊதாரி மகன் கதை வரலாம். கேட்கிறவர் உட்காரும் விதம் மாறாது. பிரசங்கத்துக்கு வராதவர்கூடக் கீர்த்தனைக்கு வருவார்.

பாட்டைச் சபை ஏற்றுக்கொண்டது. இன்றும் மராட்டிச் சபைகள் அவர் பாடல்களைப் பாடுகின்றன. ஆனால் பாட்டோடு அவர் நிற்கவில்லை. வெள்ளைக்கார மிஷனரி தகப்பனாகவும் இந்தியக் கிறிஸ்தவர் பிள்ளையாகவும் எத்தனை நாள் இருப்பது என்று கேட்டார். 1917இல் மிஷன் சம்பளத்தை உதறினார். ‘தேவாச்சா தர்பார்’ (கடவுளின் அரசவை) என்ற பெயரில், ஞானஸ்நானம் பெற்றவரும் பெறாதவரும் கிறிஸ்துவின் சீடராக ஒன்றுகூட ஓர் அமைப்பைக் கண்டார். மெட்டை மாற்றியவர் வாசற்படியையே இடிக்கப் பார்த்தார். மெட்டை விரும்பியவர்கள் எல்லாரும் அதற்குத் துணியவில்லை. அவருக்கும் காலம் இல்லை. 1919 மே 9 அன்று பம்பாயில் இறந்தார்.

அவர் எழுதிவந்த ‘கிறிஸ்தாயனம்’ என்ற காவியம் பாதியில் நின்றது. அதைத் தொடர்ந்து எழுதியவர் லட்சுமிபாய், பள்ளிக்கூடமே போகாத பெண். ஏறத்தாழ ஐந்து ஆண்டுப் பிரிவுக்குப் பின் அவர் கணவரிடம் திரும்பியது ஏன்? அதை அவரே எழுதிவைத்திருக்கிறார், நகைச்சுவை குறையாமல்.

(அடுத்த வாரம்: லட்சுமிபாயின் ‘ஸ்மிருதி சித்ரே’)