நிற்கும் காருக்கும் பசிக்கும்

காலை நிகழ்ச்சி செய்பவள் என்பதால் நான் எழுவது நான்கு மணிக்கு. அன்று இரண்டரைக்கே கைப்பேசி அடித்தது. தைப்பிங்கிலிருந்து அப்பா.

"அம்மாவுக்கு மூச்சு வாங்குதும்மா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு பார்த்தா, காடி எடுக்க மாட்டேங்குது."

கோலாலம்பூரிலிருந்து தைப்பிங்கிற்கு மூன்று மணி நேரத்துக்கும் மேலான பயணம். "999-ஐக் கூப்பிடுங்கப்பா" என்று நான் சொல்லி முடிப்பதற்குள், அவர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்த 'டக் டக்' சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுச் சீன அங்கிள் வெளியே வந்துவிட்டார். அவருடைய காரில்தான் அம்மா மருத்துவமனைக்குப் போனார். ஆஸ்துமா. மருந்துப் புகை பிடித்து, மதியமே வீடு திரும்பினார்.

அந்த வார இறுதியில் ஊருக்குப் போனேன். அம்மா சாதாரணமாக இருந்தார். அப்பாதான் சரியில்லை. "முப்பது வருஷமா காடி ஓட்டுறேன். வேணும்கிற நேரத்துல நகரலையே" என்பதையே சொல்லிக்கொண்டிருந்தார். "வித்துடலாம்ப்பா, கிரேப் கூப்பிட்டா வருது" என்றான் தம்பி. அப்பா பதில் சொல்லவில்லை. மாதத்தில் இரண்டு மூன்று முறைதான் அந்தக் கார் வெளியே போகிறது. சந்தைக்கு, கோயிலுக்கு, மாமா வீட்டுக்கு. ஆனால் அதை விற்றுவிடலாம் என்பது, "நீங்கள் இனி வீட்டில் உட்காருங்கள்" என்று சொல்வதுதான். அது எங்கள் மூவருக்குமே தெரியும்.

கார் பழுதாகவில்லை. பேட்டரி மட்டும்தான் செத்திருந்தது. அப்படியானால் அதைச் சாகாமல் வைத்திருக்க வழி என்ன?

*ஐந்து நிமிடக் கணக்கு*

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அஞ்சு நிமிஷம் இன்ஜினைப் போட்டு வைக்கிறேனே" என்றார் அப்பா. நம் வீடுகளில் பலரும் செய்வது இதுதான். போர்மேன் அண்ணன் சிரித்துக்கொண்டே ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார்.

சாவியை எடுத்த பிறகும் கார் முழுதாகத் தூங்குவதில்லை. அலாரம், கதவுப் பூட்டு, கடிகாரம், கணினி எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். பல கார்களில் இது 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை. நடுவில் 30 என்று வைத்துக்கொண்டாலும், ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி, ஒரு வாரத்துக்கு ஐந்து. நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் இன்ஜின் ஓடும்போது, பேட்டரிக்குள் 10 ஆம்பியர் வேகத்தில் மின்சாரம் போனால்கூடத் திரும்பச் சேர்வது ஒரு ஆம்பியர்-மணிக்கும் குறைவு. ஆக, வாரத்துக்கு நான்கு நஷ்டம். சிறிய கார்களின் பேட்டரி கொள்ளளவு 35 ஆம்பியர்-மணி அளவில்தான் இருக்கும். வெளியே எங்கும் ஓட்டாமல் ஐந்து வாரம் போனால் பாதிக்கு மேல் காலி. அப்பாவுடையது மூன்று வருடப் பேட்டரி. அதன் கொள்ளளவே குறைந்துபோயிருக்கும்.

இதில் இன்னொரு கெடுதலும் உண்டு. ஈய-அமில பேட்டரி பாதி வயிற்றோடு நாள்கணக்கில் கிடந்தால், உள்ளே இருக்கும் தகடுகளில் ஈய சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய பலம் திரும்பாது. 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கி, வாரக்கணக்கில் கார்கள் வீட்டு வாசலிலேயே நின்றபோது, நம்மில் பலர் இந்தப் பாடத்தைக் காசு கொடுத்துப் படித்தோம்.

*பத்து வாட் போதும்*

சோலார் பேனல் யோசனை எனக்கு அங்கேதான் வந்தது. "மழைக்குப் பேர்போன தைப்பிங்குல சோலாரா?" என்று தம்பி கேலி செய்தான். நியாயமான கேள்விதான்.

நம் நாட்டில் ஒரு நாள் முழுக்க விழும் வெயிலை உச்சி வெயில் அளவுக்குச் சுருக்கினால், ஏறத்தாழ நான்கு மணி நேரம் வரும். தைப்பிங்கின் மழையை நினைத்து மூன்று என்றே வைத்துக்கொண்டேன். 10 வாட் பேனல் நல்ல வெயிலில் அரை ஆம்பியர் அளவு தரும். மூன்று மணி நேரத்துக்கு ஒன்றரை ஆம்பியர்-மணி. கார் குடிப்பதோ 0.72. இரண்டு மடங்கு கையில் இருப்பதால், ஒரு நாள் முழுக்க மழை பெய்தாலும் மறுநாள் வெயில் அதை ஈடுகட்டிவிடும்.

ஆனால் கடைகளில் 'கார் பேட்டரி சோலார்' என்று விற்கப்படும் இரண்டு வாட் பேனல்களை இதே கணக்கில் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 0.3 ஆம்பியர்-மணி. பசிக்குப் பாதிகூட இல்லை. அதைக் காருக்குள் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் இன்னும் குறையும். முன்கண்ணாடிக்கு 70 விழுக்காடு வெளிச்சம் உள்ளே வரும் டின்ட்தான் சட்டப்படி அனுமதி. பின்பக்கம் பலர் ஒட்டுவது அதைவிடக் கறுப்பு. போதாததற்கு, மூடிய காரின் சூட்டில் பேனலின் திறனும் இறங்கும்.

இன்னொன்றையும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். செத்த பேட்டரியைச் சோலார் பேனல் உயிர்ப்பிக்காது. அரை ஆம்பியரில் அது நடக்காது. நாங்களும் முதலில் புதிய பேட்டரிதான் மாற்றினோம். நிறைந்த வயிறு காலியாகாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே பேனலின் வேலை.

*மாட்டிய விதம்*

பலருடைய வீடுகளைப் போல எங்கள் தாமான் வீட்டிலும் கார் நிற்பது கூரை போட்ட போர்ச்சில். கார் மேல் வெயிலே விழாது. அதனால் பேனலைப் போர்ச் கூரையின் வெளி விளிம்பில் பொருத்தினோம். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் அதிகச் சாய்வு தேவையில்லை. மழைநீர் வழிந்து தூசியைக் கழுவும் அளவுக்குச் சாய்த்தால் போதும்.

பேனலை நேராக பேட்டரியில் இணைக்கக் கூடாது. 12 வோல்ட் பேனல் என்று பெயர் இருந்தாலும், சுமை இல்லாதபோது வெயிலில் 20 வோல்ட்டைத் தாண்டும். நடுவில் சார்ஜ் கன்ட்ரோலர் என்ற சிறிய பெட்டி வேண்டும். பேட்டரி நிறைந்ததும் மின்சாரத்தைக் குறைப்பதும், இரவில் அது பேட்டரியிலிருந்து பேனலுக்குத் திரும்பி ஓடாமல் தடுப்பதும் அதன் வேலை. கன்ட்ரோலரை முதலில் பேட்டரியோடும் பிறகு பேனலோடும் இணைக்க வேண்டும். கழற்றும்போது முதலில் பேனலைக் கழற்ற வேண்டும். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு அருகே ஒரு ஃபியூஸ் கட்டாயம்.

சிகரெட் லைட்டர் துளையில் செருகினால் போதாதா என்று கேட்கலாம். பல கார்களில் சாவியை எடுத்ததும் அந்தத் துளைக்கு இணைப்பு அறுந்துவிடும். பேனல் வெயிலில் காயும், பேட்டரிக்கு ஒன்றும் போய்ச் சேராது. சிக்னலில் தானாக இன்ஜின் அணையும் வகைக் கார் என்றால், பேட்டரியின் நெகட்டிவ் முனையில் உணர்கருவி இருக்கும். அங்கே நேராக மாட்டாமல், காரின் உடலில் இணைக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் போர்மேனிடம் விட்டுவிடுங்கள்.

வயரின் நடுவே இழுத்தால் பிரியும் பிளக் ஒன்று உண்டு. அதைக் கழற்ற மறந்து அப்பா காரை எடுத்துவிடுவாரோ என்று அம்மாவுக்குப் பயம். பிளக்கை மாட்டும்போதெல்லாம் ஸ்டீயரிங்கில் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டிவைக்கிறார். நாடா இருந்தால் பிளக் மாட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

*யாருக்கு இது வேண்டாம்?*

தினமும் வேலைக்குக் காரை எடுப்பவர்களுக்கு இது தேவையில்லை. அடுக்குமாடி வீட்டின் அடித்தளத்தில் நிறுத்துபவர்களுக்குப் பயன்படாது; வாரம் ஒருமுறை முப்பது நிமிடமாவது சாலையில் ஓட்டிவிட்டு வாருங்கள். போர்ச்சில் மின்சார பிளக் வசதி இருந்தால், தானாக நிறுத்திக்கொள்ளும் பேட்டரி சார்ஜர் ஒன்றே போதும். வெயிலை நம்ப வேண்டியதில்லை. நெகட்டிவ் முனையைக் கழற்றி வைப்பதும் ஒரு வழிதான். ஆனால் நள்ளிரவில், கை நடுங்கும்போது, ஸ்பேனர் தேடும் நிலை யாருக்கும் வேண்டாம்.

*12.6*

கடைசியாக ஒரு மல்டிமீட்டரும் வாங்கிக் கொடுத்தேன். கார் சில மணி நேரம் ஓடாமல் நின்ற பிறகு அளந்தால், 12.6 வோல்ட்டும் அதற்கு மேலும் நிறைவு. 12.4 முக்கால், 12.2 பாதி. 12-க்கு இறங்கினால் ஆபத்து. பேனல் வேலை செய்யும்போது அளந்தால் கூடுதலாகக் காட்டும் என்பதால், வெளிச்சம் வருவதற்கு முன்பே அளக்க வேண்டும்.

இப்போது ஒவ்வொரு திங்கட்கிழமையும், இரண்டு பாட்டுகளுக்கு நடுவில், ஆறரை மணிக்கு என் வாட்ஸ்அப்பில் ஓர் எண் வந்து விழுகிறது. வணக்கம் இல்லை, வாழ்த்துப் படம் இல்லை. வெறும் 12.6. சென்ற மாதம் ஒரு திங்கள் 12.3 என்று வந்ததும் பதறிப்போய் அழைத்தேன். "பக்கத்து வீட்டு மாங்கிளை வளர்ந்து பேனலை மறைச்சிடுச்சும்மா. அங்கிள்கிட்ட சொல்லிட்டேன், சாயங்காலம் ரெண்டு பேரும் வெட்டுறோம்" என்றார். குரலில் பழைய அப்பா இருந்தார்.

உங்கள் பெற்றோர் வீட்டிலும் ஒரு கார் இப்படி நிற்கிறதா? அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, சாப்பிட உட்காருவதற்கு முன் அதன் பானெட்டைத் திறந்து ஒரு முறை அளந்து பாருங்கள்.